பிள்ளையின் நோட்டைத் திறந்து பாருங்கள்

(தாராவியில் நமது சங்கம் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை மாலை என்பது உங்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு. துணி துவைக்க, அரிசி வாங்க, ஊருக்குப் பேச என்று அதற்கும் ஆயிரம் வேலை காத்துக்கிடக்கும். அதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சங்கத்து மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது உங்களுக்கே மனப்பாடம். ரேஷன் கார்டு, குடிசைக்கான அத்தாட்சி, இடித்துக் கட்டும் திட்டத்தில் யாருக்கு எங்கே வீடு என்பவைதாம் அவை. இன்று அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றைப் பற்றி மட்டும் பேசப்போகிறோம். ஆறு வயதும் ஏழு வயதுமான நம் பிள்ளைகள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அங்கே போய் என்ன கற்றுக்கொண்டு வருகிறார்கள்?

"இதென்ன கேள்வி, பள்ளிக்கூடத்தில் பாடந்தானே படிப்பார்கள்" என்று பின்வரிசையில் ஓர் அம்மா சொல்வது காதில் விழுகிறது. நாமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுவோம்; ஊரார் பிள்ளையைப் பற்றிப் பேசுமுன் தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவதே முறை.

எங்கள் இளைய மகளை ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தோம். தமிழ்ச் சங்கத்தின் பொறுப்பில் இருந்துகொண்டு அப்படிச் செய்தீர்களா என்று கேட்டால், ஆம், செய்தோம். பொங்கல் விழா மேடையில் தாய்மொழிக் கல்வி பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஜூன் மாதம் டையும் ஷூவும் வாங்கப் போனவர்கள் நாங்கள். இரண்டாம் வகுப்பு வரை எல்லாம் நன்றாகவே போனது. நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் சரி அடையாளம். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. ஒரு நாள் இரவு ஷிப்டு முடித்து வந்து உட்கார்ந்திருந்தபோது, மகள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பசு எங்கே வாழ்கிறது என்ற ஆங்கிலக் கேள்விக்கு, பசு ஷெட்டில் வாழ்கிறது என்று ஆங்கிலத்திலேயே மூச்சுவிடாமல் பதில். மனம் குளிர்ந்துபோயிற்று. சும்மா இருக்காமல், "ஷெட் என்றால் என்ன கண்ணு?" என்று கேட்டோம். "உங்களுக்குத் தெரியாதாப்பா? ரயில் எல்லாம் ராத்திரி போய் நிற்குமே, அதுதான்" என்றாள்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் அன்று சிரித்தோம். ரயில்வேக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கார் ஷெட்டுதானே தெரியும்! அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்ததை வைத்து அறிவோடுதான் யோசித்திருக்கிறாள். குர்லா கார் ஷெட்டில் பசு வாழ்வதாக ஒரு வருடம் நம்பிக்கொண்டு அந்தப் பதிலை எழுதியிருக்கிறாள், அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆசிரியையும் கேட்கவில்லை, பெற்ற நாமும் கேட்கவில்லை. பிறகு அதே பாடத்தைப் புத்தகத்திலிருந்து படிக்கச் சொன்னோம். முதல் வரியைப் படித்தாள். நடுவில் ஒரு சொல்லை விரலால் மறைத்துவிட்டு அடுத்த சொல்லைக் கேட்டால் முகட்டைப் பார்க்கிறாள். படித்தது கண் அன்று, காதுதான் என்பது அப்போதுதான் புரிந்தது.

நாம் வேலை பார்ப்பது பார்சல் ஆபீஸில். அங்கே ஒரு மூத்த ஹமால் இருந்தார். ஒரெழுத்தும் படிக்கத் தெரியாதவர். ஆனால் மூட்டையின் மேல் ஆங்கிலத்தில் டி.இ.என். என்ற மூன்றெழுத்தைக் கண்டால் நேராகத் திருநெல்வேலிக்குப் போகும் அடுக்கில் கொண்டுபோய் வைப்பார். தவறவே தவறாது. எழுத்தின் வடிவம் அவருக்குப் படமாகத் தெரியும். அதே எழுத்துகளை இடம் மாற்றி வேறு ஊருக்குப் போட்டால் நம்மிடம் வந்து கேட்பார். அவரை ஒருவரும் பள்ளிக்கு அனுப்பவில்லை. தன் சாமர்த்தியத்தால் பிழைத்தார். நாம் பணம் கட்டிப் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளையும் அதே இடத்தில்தான் நிற்கிறது என்றால் என்ன சொல்வது?

ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் ஒரு பிள்ளை கற்க வேண்டியது மிகச் சிறிது. ஆனால் அதன் மேல்தான் மற்றெல்லாம் நிற்கிறது. இந்தக் கோட்டுக்கு இந்த ஒலி, இந்த ஒலிகளைச் சேர்த்தால் எனக்குத் தெரிந்த ஒரு பொருள் வருகிறது என்ற சூட்சுமம் பிள்ளைக்குப் பிடிபட வேண்டும். ட, ப, ம என்ற மூன்றெழுத்தைச் சொல்லிக்கொடுத்த உடனே 'படம்' என்று எழுதிக்காட்டும் ஆசிரியர்கள் உண்டு. பிள்ளை எழுத்துக்கூட்டி 'படம்' என்று சொல்லும்போது அதன் கண்ணைப் பார்க்க வேண்டும்! அந்தச் சொல் அதற்கு ஏற்கெனவே தெரியும். அம்மா சொல்லக் கேட்டிருக்கிறது. தாளில் கிடந்த கோடு தன்னோடு பேசிவிட்டது என்று அதற்குத் தெரிகிறது. தெரியாத மொழியில் எழுத்துக்கூட்டினால் ஒலி வரும், பொருள் வராது. கூட்டியது சரியா தப்பா என்றுகூடப் பிள்ளைக்குத் தெரியாது. அதனால்தான் அது கூட்டுவதை விட்டுவிட்டு மனப்பாடத்துக்குத் தாவுகிறது. இந்தச் சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் அடுத்த மொழிக்கு அதை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. எழுத்தை மட்டும் கற்றால் போதும்.

தமிழில் 247 எழுத்து, பிள்ளை எப்படித் தாங்கும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216-உம் இவற்றின் கூட்டுத்தான். கால், கொம்பு, சுழி தெரிந்த பிள்ளை அவற்றைத் தானே கட்டிக்கொள்ளும். தடுமாறுவது உகர, ஊகார வரிசையில்தான். கு, சு, டு, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவே.

இனி நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்வோம். இதை மராத்திக்கார ஆசிரியர்கள் பலர் அறியமாட்டார்கள். நாமும் அவர்களிடம் எடுத்துச் சொன்னதில்லை. மராத்தியிலும் இந்தியிலும் ககரத்துக்கு நான்கு எழுத்து. நமக்கு ஒன்றே ஒன்று. மராத்தியில் வீடு என்பதற்கும் 'செய்' என்பதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதிக்காட்டச் சொன்னால் இரண்டையும் 'கர்' என்றுதான் எழுத முடியும். நம் பிள்ளை ஒன்றாம் வகுப்பு மராத்திப் பாடத்தில் இந்த நான்கையும் மாற்றி மாற்றி எழுதுகிறது. உடனே 'மந்தம்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். மந்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வீட்டில் கேட்டறியாத வேற்றுமையை அதன் காது பிரித்தறிய நாள் பிடிக்கிறது. ஆனால் மராத்தியின் ளகரத்தை நம் பிள்ளை கல்லில் எழுதியதுபோலச் சொல்லும்; இந்திக்காரப் பிள்ளைக்கு அதுதான் வராது. ஆசிரியரிடம் போய் இதைச் சொல்லுங்கள், சண்டைக்காக அல்ல. தெரிந்தால் அவரும் அதற்கேற்பச் சொல்லிக்கொடுப்பார்.

2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் மராட்டிய அரசு, மராத்தி, ஆங்கிலப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக வைக்க ஆணை போட்டது நினைவிருக்கும். மாநிலமே கொதித்தது. ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் மூன்று மொழியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஜூன் 29-ஆம் தேதி அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அன்று ஒருவரும் கேட்காத ஒன்று உண்டு. மும்பையில் தமிழ்ப் பிரிவில் படிக்கும் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலேயே மூன்று மொழி படிக்கிறது. பாடமொழி தமிழ். ஆங்கிலம் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. எங்கள் காலத்தில் ஐந்தாவதில்தான் தொடங்கியது. மராத்தி, 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம். மூன்று மொழி மட்டுமல்ல, மூன்று எழுத்துமுறை! மராத்திப் பிள்ளைக்கு எது பாரமென்று ஊர் கூடிச் சொன்னதோ, அது நம் பிள்ளையின் முதுகில் ஏற்கெனவே இருக்கிறது.

இதைச் சொல்வதால் மராத்தி வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் திரித்துவிடலாகாது. இந்த மண்ணில் மூன்று தலைமுறையாகப் பிழைக்கிறோம். போலீஸ் ஸ்டேஷனிலும் வார்டு ஆபீஸிலும் மராத்தி தெரியாமல் கைகட்டி நின்ற நம் பெரியவர்களின் அவமானம் நமக்குத் தெரியும். பிள்ளைகள் மராத்தியைப் பேச, படிக்க, எழுத நன்றாகக் கற்க வேண்டும். நாம் கேட்பது வரிசை மட்டுமே. முதலில் ஒரு மொழியில் வாசிப்பு பிடிபடட்டும். மற்ற இரண்டும் அந்த இரண்டு வருடம் பாட்டாகவும் கதையாகவும் பேச்சாகவும் காதில் விழட்டும். எழுத்து பின்னால் வரட்டும். இதைப் பள்ளியில் கேட்க நமக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

கணக்குக்கும் இதே கதிதான். இருபத்தைந்து என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அது இருபத்தஞ்சு. தெருவில் வடாபாவ் விற்கிறவரிடம் பச்சீஸ். மராத்தி ஆசிரியையிடம் பஞ்ச்வீஸ். ஆங்கிலப் பாடத்தில் ட்வென்டி ஃபைவ். இதில் மராத்திச் சொல் ஐந்தை முன்னால் சொல்லி இருபதைப் பின்னால் சொல்கிறது. கேட்டதைக் கேட்டபடி எழுதும் பிள்ளை 52 என்று போட்டுவிடுகிறது. மராத்திப் பிள்ளைகளுக்கே இந்தத் தொல்லை உண்டு. அதனால்தான் 2019-இல் மங்களா நார்ளீகர் என்ற கணித அம்மையார் தலைமையிலான குழு, இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வீஸ் பாச்', அதாவது இருபது ஐந்து என்று சொல்லும் முறையையும் கொண்டுவந்தது. மொழியைச் சிதைக்கிறார்கள் என்று சட்டசபை வரை கூச்சல் எழுந்தது. அந்த அம்மையார் சொன்ன முறை நம் தமிழில் இயல்பாகவே இருக்கிறது: பத்தை முதலில் சொல்கிறோம், ஒன்றைப் பின்னால் சொல்கிறோம், எழுதுவதும் அதே வரிசை. (நம்மிடமும் ஒரு முடிச்சு உண்டு, எண்பதுக்கு அடுத்து தொண்ணூறு எங்கிருந்து வந்தது என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் நாம் விழிக்கத்தான் வேண்டும்.) தமிழில் எண்ணக் கற்ற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆதாயம்! அதைக் கையில் வைத்துக்கொண்டு வீணாக்குகிறோம். பால் பாக்கெட் வாங்கிய சில்லறையைப் பிள்ளையிடம் கொடுத்து எண்ணச் சொல்ல எத்தனை வீட்டில் நேரமிருக்கிறது?

சென்ற வாரம் சாயந்திரம் ஓர் அம்மா சங்கத்துக்கு வந்தார். தோல் பட்டறையில் வேலை பார்க்கும் குடும்பம். "அண்ணாச்சி, நீங்க சொல்லுறதெல்லாம் சரிதான். கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஏழாவதோட நின்னுபோவுது. அதுக்கப்புறம் எம்புள்ள எங்க போவும்? நாளைக்கு ஒரு வேலைக்குப் போனா இங்கிலீஷ்தானே கேப்பான்?" என்றார். இதற்கு மேடையில் கைதட்டல் வாங்கும் பதில் நம்மிடம் இல்லை. அவர் கேட்டது முழு உண்மை. தமிழில் ஏழாவதைத் தாண்டிப் படிக்க இந்த நகரத்தில் இடம் அரிது. நாமும் ஏழாவது வரை தமிழ்ப் பிரிவில் படித்து, பிறகு மொழி மாறித் திண்டாடி எஸ்.எஸ்.சி. தேறியவர்தாம். அந்த எட்டாம் வகுப்பு எங்களுக்கு நரகம். ஆனால் அதைத் தாண்ட முடிந்தது. ஏனென்றால் வாசிக்கத் தெரிந்திருந்தது. புது மொழியின் புத்தகத்தை வைத்துக்கொண்டு அகராதியோடு மல்லுக்கட்டத் தெரிந்திருந்தது.

அந்த அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னோம். ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதும் தமிழ்ப் பிரிவில் சேர்ப்பதும் உங்கள் முடிவு. ஆனால் பள்ளியின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த வகுப்பில் ஆசிரியை ஆங்கிலத்தில் பேசுகிறாரா, இல்லை இந்தியில் பேசி ஆங்கிலத்தை எழுதிப்போடுகிறாரா என்று கேளுங்கள். நம் தெருக்களில் மாடிக்கு ஒன்றாக முளைத்திருக்கும் பள்ளிகள் பலவற்றில் நடப்பது பின்னதே. பாவம், அந்த ஆசிரியைகளும் அற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள்தாம். பலகையில் எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதும், மாலையில் டியூஷனில் அதையே மறுபடி எழுதும். இதற்கு மாதச் சம்பளம், டியூஷன் சம்பளம் இரண்டும் நம் கையிலிருந்து போகிறது.

மாநகராட்சித் தமிழ்ப் பிரிவு தங்கமா என்றால் அதுவும் இல்லை. அங்கேயும் பலகையைப் பார்த்து எழுதுவது நடக்கிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைக்கிறார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இடம் காலியாகவே கிடக்கிறது. ஆசிரியர் இல்லாததால் பிள்ளை வருவதில்லை, பிள்ளை இல்லாததால் ஆசிரியர் வருவதில்லை. இந்தச் சக்கரத்தை யார் நிறுத்துவது?

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. 2024-இல் நாட்டின் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று எடுத்த ஏசர் கணக்கெடுப்பில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 100-க்கு 27 பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. தன் மாநில மொழியில் படிக்கும் பிள்ளைகளுக்கே இந்தக் கதி. மத்திய அரசு 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின்படி, ஒன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நாலைந்து எளிய சொற்கள் உள்ள வாக்கியத்தை வாசிக்க வேண்டும், 99 வரை எண் தெரிய வேண்டும். இரண்டாம் வகுப்பில் 999 வரை. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்றும் ஒரு கணக்கு வைத்தார்கள். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது தமிழில் ஒரு சொல் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளை, 2022-இல் 20 மொழிகளில் ஆய்வு நடத்தி ஒவ்வொரு மொழிக்கும் தனி அளவுகோல் வைத்தார்கள்.

உரிமை பற்றிச் சொல்கிறோம் என்றோம். அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956-இல் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 'முயல' என்ற சொல்லில்தான் சூழ்ச்சுமம் இருக்கிறது; முயன்றோம், முடியவில்லை என்று அவர்கள் சொல்லிவிடலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் கைக்கு எட்டுவது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருக்க வேண்டும். அதன் 21-ஆம் பிரிவின்படி அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் நிர்வாகக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்க்கவும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கவும் அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. நம்மில் எத்தனை பேர் அந்தக் குழுவில் இருக்கிறோம்? கையெழுத்துக் கேட்டு நோட்டு வந்தால் போட்டுவிட்டு வந்திருப்போம். எதற்குப் போட்டோம் என்று தெரியாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

ஆகவே சங்கம் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒன்றாவது முதல் மூன்றாவது வரை படிக்கும் பிள்ளைகளை, எந்தப் பள்ளியாக இருந்தாலும், இங்கே அழைத்து வாருங்கள். நோட்டையும் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு தாள் வைத்திருக்கிறோம். மேலே சில எழுத்து, அதன் கீழே சில சொல், அதற்கும் கீழே நான்கு வரி, கடைசியில் ஒரு சிறுகதை. தமிழிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் உண்டு. பிள்ளை எதில் படிக்கிறதோ அதில். பிள்ளையை அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லி, படித்தது என்ன என்று கேட்பது மட்டுமே வேலை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் உட்காரலாம். "என்ன கதை சொல்லு" என்று கேட்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. தேறாத பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதமாட்டோம். அந்தந்தப் பெற்றோரிடம் மட்டும் சொல்வோம்.

அதற்கடுத்த சனிக்கிழமை, தமிழ்ப் பிரிவில் பிள்ளை படிக்கும் பெற்றோர் அனைவரும் சேர்ந்து தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறோம். நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலையும், காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடம் பற்றி வார்டு ஆபீஸுக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் கேட்போம். கடிதமே எழுதவில்லையென்றால் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுப்போம். எழுத நாம் இருக்கிறோம், கையெழுத்துப் போட நீங்கள் வேண்டும். பகல் ஷிப்டு உள்ளவர்கள் இன்றே பெயர் கொடுத்துவிட்டால், நேரத்தை மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் மகளும் ஞாயிறு வருவாள். தமிழ்த் தாளைத்தான் அவளுக்குக் கொடுக்கப்போகிறோம். ஆறு மாதமாக இரவில் அவளோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறோம். நான்கு வரியைத் தாண்டிவிட்டாள். கதையில் இன்னும் திக்குகிறது.